காட்டூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு: ஒரு தாயின் கேள்வி

ஆகஸ்டு மாதத்தின் இறுதி வாரத்தில், திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே காட்டூரில், தஞ்சைச் சாலையோரத்தில் குடியிருப்போருக்கு இரவில் உறக்கம் குறைவு. காவியுடை உடுத்திய திருப்பயணிகள் கூட்டங்கூட்டமாக நடந்து செல்வார்கள். மாதாவின் சுரூபம் வைத்த சிறு தேர் முன்னே செல்லும். குழந்தைகளைத் தோளில் சுமந்த தந்தையரும், செருப்பணியாத கால்களில் துணி சுற்றிய மூதாட்டியரும் பின்னே வருவார்கள். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-இல் பெருவிழா. காட்டூரிலிருந்து அங்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்.

அந்நாள்களில் தன் வீட்டுத் திண்ணையில் மோர்ப்பானை வைத்துப் பயணிகளின் தாகம் தீர்க்கும் ஒரு தாயை நாம் அறிவோம். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனிடம் அன்னை தம் மகனுக்கு மோர் கேட்டார் என்பது வேளாங்கண்ணி மரபு. அதை நினைத்தே அவர் மோர் தருகிறார். ஆயினும் வேளாங்கண்ணிக்கு மட்டும் அவர் போவதில்லை. 2004-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு சென்றவர், மகளை அங்கே கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

இதை அறியாமலே நாம் ஒரு பிழை செய்தோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, இறை இரக்கத்தின் ஞாயிறு. 2000-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அதைத் திருச்சபை முழுமைக்கும் உரிய விழாவாக்கினார். அந்நாளில் மறையுரையாற்றிய நாம், ஆழிப்பேரலை வேளாங்கண்ணி ஆலயத்துள் புகாமல் நின்றதை இறை இரக்கத்தின் அடையாளமாக எடுத்துரைத்தோம். திருப்பலி முடிந்ததும் அத்தாய் ஆலயத்தின் பின்னறைக்கு வந்தார்.

“சாமி, கோயிலுக்குள்ள இருந்தவங்களை மாதா காப்பாத்துனாங்கன்னு சொன்னீங்க. அப்ப எம் புள்ளையை யாரு சாமி கைவிட்டது? அதுவும் பூசை பார்த்துட்டுத்தானே கடலுக்குப் போச்சு?”

இறையியல் பயின்ற நாம் வாயடைத்து நின்றோம்.

அந்த வாரமே பேருந்தேறி வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். திருவெறும்பூர், துவாக்குடி, செங்கிப்பட்டி என்று மேட்டு நிலம் நீள்கிறது. வல்லத்தைக் கடந்து தஞ்சைக்கு வந்தால் செம்மண் முடிந்து காவிரியின் வயல்வெளி தொடங்குகிறது. நீடாமங்கலம், திருவாரூர், கீழ்வேளூர், நாகப்பட்டினம் எனச் செல்லும் வழியெல்லாம் அத்தாயின் கேள்வி உடன் வந்தது. 

வேளாங்கண்ணியில் ஆலயத்துக்கும் கடலுக்கும் இடையே கடைத்தெரு வழியாகச் சிறிது தூர நடைதான். அதை இருமுறை நடந்தோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நழுவியது. அதனால் எழுந்த அலைகள் நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. எச்சரிக்கை தரும் ஏற்பாடு அன்று இந்துமாக்கடலில் இல்லை. ஐதராபாத்தில் அதற்கான மையம் 2007-இல்தான் அமைந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணி ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. வெளியே மணலிலும் கடைகளிலும் இருந்த திருப்பயணிகளும் ஊராரும் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். கடலில் புயலிலிருந்து தப்பிய போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றியாக எழுப்பியது என்று மரபு கூறும் ஆலயத்தின் முன்னேயே அது நடந்தது.

அன்று திருக்குடும்பத் திருவிழா என்பது நமக்கு அந்த மணலில் நின்றபோதே நினைவுக்கு வந்தது. அந்த ஆண்டுக்குரிய நற்செய்தி, திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்ற நிகழ்ச்சி. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் 13 முதல் 15 வரை வாசித்து, பின்பு 19-க்குத் தாவும் வாசகம் அது. இடையில் விடுபட்ட மூன்று வசனங்கள் எவை? பெத்லகேமில் ஏரோதின் ஆட்களால் மாண்ட குழந்தைகளைப் பற்றியவை; ஆறுதல் ஏற்க மறுத்து அழும் ராகேலைப் பற்றியவை.

ஒரு குழந்தை தப்பியது. மற்றக் குழந்தைகள் தப்பவில்லை. காட்டூர்த் தாயின் கேள்வியை நற்செய்தியே தன்னுள் சுமந்து நிற்கிறது. ராகேலை யாரும் அதட்டவில்லை. அவள் அழுகைக்கு அங்கே இடம் இருக்கிறது. நாமோ நம் மறையுரையில் அந்த மூன்று வசனங்களைத் தாண்டிச் சென்றிருந்தோம்.

அன்று தப்பிய குழந்தை பின்னாளில் கல்வாரியில் தப்பவில்லை. இலாசர் இறந்தபோது அவர் கண்ணீர் விட்டார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பேசியபோது, அவர்கள் பிறரைவிடப் பாவிகள் என்ற எண்ணத்தை மறுத்தார். ஆகவே யார் பிழைத்தார், யார் மாண்டார் என்று எண்ணி இறை இரக்கத்தை அளக்க நமக்கு உரிமை இல்லை. பிழைத்தவர் நன்றி கூறட்டும். அது அவர் கடமை. அந்த நன்றியை இறந்தவர் வீட்டாருக்கு விளக்கமாகக் கொடுத்தால், அது கல்லாகவே விழும்.

அப்படியானால் அத்துயரில் இரக்கத்தைக் காணவே முடியாதா? நாகையில் நாம் கேட்டறிந்தவை வேறு விதமாகப் பேசின. நாகூர் தர்கா தன் அடக்க நிலத்தில் மத வேறுபாடு பாராமல் உடல்களை ஏற்றது. தம் மூன்று பிள்ளைகளையும் அலையில் இழந்த பெற்றோர், இனி வாழ்வதில்லை என்ற நிலையிலிருந்து மீண்டு, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தம் வீட்டிலேயே சேர்த்து வளர்த்தார்கள். அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 2022-இல் திருமணம் நடந்தபோது, பேரலைக்குப் பின் அங்கே ஆட்சியராக இருந்த ஜெ. ராதாகிருஷ்ணன் தந்தையின் இடத்தில் வந்து நின்றார். வேளாங்கண்ணியிலும் அடையாளம் தெரியாதோர் அடங்கிய இடத்தின் நினைவுத் தூணுக்கு டிசம்பர் 26-இல் ஆலயத்திலிருந்து ஊர்வலம் செல்கிறது. பல சமயத்தாரும் கூடி மன்றாடுகின்றனர்.

இவை எவையும் ஓர் உயிரின் இழப்புக்கு ஈடாகா. ஏன் அந்த மகள் என்ற வினாவுக்கு இவை விடையும் அல்ல. ஆனால் இறைவன் எங்கே இருந்தார் என்று கேட்பவருக்கு, நாம் விரல் நீட்டிக் காட்டக்கூடிய திசை இதுதான்: அழுகிறவர் அருகே அமர்ந்தவர்களின் பக்கம்.

ஊர் திரும்பியதும் அத்தாயின் வீட்டுக்குச் சென்றோம். “நாங்கள் சொன்னது தவறு, அம்மா, உங்கள் மகளை எவரும் கைவிடவில்லை என்று நம்புகிறோம், ஏன் என்று கேட்டால் பதில் தெரியவில்லை,” என்றோம். விடுபட்ட வசனங்களைப் பற்றியும் கூறினோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்த மூணு வசனத்தையும் ஒரு நாள் கோயில்ல படிங்க சாமி,” என்றார்.

அவ்வாண்டு டிசம்பர் 28-இல், மாசில்லாக் குழந்தைகளின் விழாவன்று, அந்த மகளின் பெயரால் திருப்பலி ஒப்புக்கொடுத்து, அவ்வசனங்களை முழுமையாக வாசித்தோம். தாய் முதல் வரிசையில் அமர்ந்து அழுதார். நாம் மறையுரை ஆற்றவில்லை.

அவர் இன்னும் வேளாங்கண்ணிக்குப் போகவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. வாசக அன்பர்களே, உங்கள் பங்கிலும் இத்தகைய வீடு ஒன்று இருக்கும். அங்கே செல்லும்போது காரணம் கூற விரையாதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் உடன் அமர்ந்திருந்து வாருங்கள்.