ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதச் சொல்வேன்

காரைக்கால்காரர்களுக்கு எதிர்காலத்தைத் தேர்ந்தெடுக்க ஒருமுறை ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். 1954 நவம்பர் 1 அன்றே நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது என்றாலும், சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே நீடிக்கலாம். எழுதாதவர்கள் இந்தியர் ஆனார்கள். எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஜூலை, ஆகஸ்டில் லீவுக்கு வந்து இறங்கும்போது மற்ற வீடுகளில் பழைய அங்கலாய்ப்பு மறுபடி ஆரம்பிக்கும்: “அன்னைக்குத் தாத்தா ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நாமளும் இப்ப…”

தலத்தெருவில் எங்கள் வீட்டு மாடியில் நான் செய்கிற வேலைக்கு இந்த அங்கலாய்ப்புதான் முதல் இடைஞ்சல். ஞாயிறு மறைக்கல்வியில் என்னிடம் படித்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்போ, ஐ.டி.ஐ.யோ, டிப்ளமாவோ முடித்ததும் மாலை நேரத்தில் வருவார்கள். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. வாழ்க்கையில் என்ன ஆகப்போகிறோம், எதற்காக ஆகப்போகிறோம் என்று ஜெபத்தோடு யோசித்து எழுதவேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன், அவ்வளவுதான். ஃபாதர்கள் இதைத் தெளிந்து தேர்தல் என்பார்கள். எங்கள் மாடியில் அதற்கு நோட்டு எழுதுவது என்றுதான் பெயர்.

முதல் பக்கத்தில் பிள்ளை எழுதுவது அநேகமாக வேறு யாருடைய ஆசையோதான். “குறிக்கோள்: பிரான்ஸ் போவது” என்றிருந்தால் அது தாத்தா போடாத கையெழுத்து. “டாக்டர்” என்றிருந்தால் நீட் கோச்சிங்குக்கு அப்பா கட்டிய பணம். இதில் பிள்ளையைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் சொந்த ஆசைக்கும் வீட்டு ஆசைக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறதென்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கத்தை நான் திருத்துவதில்லை. எழுதட்டும், தேதி போடட்டும், திருப்பட்டும்.

இந்த இடத்தில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன ஒரு விஷயத்தை நான் விடாமல் பிடித்துக்கொள்வேன். 1548-இல் அச்சான அவருடைய ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலில், தேர்வு செய்வதைப் பற்றிய பகுதியின் தொடக்கத்திலேயே அது வருகிறது. சிலர் முதலில் கல்யாணத்தையோ பதவியையோ முடிவுசெய்துகொண்டு, பிறகு அதற்குள் கடவுளுக்கு ஊழியம் செய்ய இடம் தேடுகிறார்கள். அவர்கள் கடவுளிடம் போகவில்லை, அவரைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள் என்கிறார். எங்கள் ஊர் வழக்கம் அச்சாக இதேதான். விசாவை முடிவுசெய்துவிட்டு, ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி வரை நடந்து வருகிறேன் என்று பொருத்தனை வைப்பது. பொருத்தனையை நான் கேலி செய்யமாட்டேன். காவி உடுத்திக் காலில் கொப்புளத்தோடு எங்கள் ஊர் வழியாக நடக்கிறவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிற வீடு எங்களுடையது. வெள்ளித் தொட்டிலும் வெள்ளிக் கண்ணும் வாங்கிக்கொண்டு போகிற தாயின் விசுவாசம் என்னுடையதைவிடப் பெரியது. ஆனால் பொருத்தனை நாம் கேட்பது. குறிக்கோள் என்று வந்தால் கடவுளும் ஏதாவது கேட்பதற்கு ஒரு சந்தர்ப்பம் தரவேண்டாமா?

அதற்கு இஞ்ஞாசியார் ஒரு நிபந்தனை வைக்கிறார். தராசு முள் நடுவில் நிற்பதுபோல, இந்தப் பக்கமும் சாயாமல் அந்தப் பக்கமும் சாயாமல் நிற்கவேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. வட்டி கட்டுகிற வீட்டில் முள் நடுவில் நிற்குமா? நிற்காது. எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அதை அழுத்துவது எது என்று பிள்ளை பெயர் சொல்லத் தெரிந்துகொண்டால் எனக்குப் போதும்.

அந்த மனிதர் இதையெல்லாம் கற்றுக்கொண்டது படிப்பறையில் இல்லை. 1521 மே மாதம் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பொழுதுபோக வீரக்கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் சரிதமும்தான். படுத்தபடியே இரண்டு எதிர்காலங்களை மாற்றி மாற்றிக் கற்பனை செய்தார். ஒன்றில் உயர்குலத்துப் பெண் ஒருத்திக்காகச் சாகசம் செய்கிற வீரன். மற்றதில் அசிசியாரும் தோமினிக்கும் செய்ததைத் தானும் செய்கிற ஆள். நினைக்கிற நேரத்தில் இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்தபின் முதலாவது வறட்சியை விட்டுப் போனது, இரண்டாவதின் மகிழ்ச்சி தங்கியது. நான் பார்த்தவரை எதிர்காலத்தைக் கற்பனை செய்யச் சொல்கிற பயிலரங்குகள் இந்தப் பின்பாதியை விட்டுவிடுகின்றன. கண்ணை மூடு, கார் தெரிகிறதா, வீடு தெரிகிறதா என்று கேட்டு, கைதட்டி அனுப்பிவிடுகிறார்கள். தெரிந்தது கலைந்தபிறகு மனசில் என்ன மிஞ்சுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் காரையும் வீட்டையும் கேட்பதில்லை. “ஏழு வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை எழுது” என்பேன். ஞாயிறு என்றால் பூசை, பிரியாணி என்று எழுதி ஒப்பேற்றிவிடுவார்கள். பண்டிகை நாள் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமைதான் உண்மையைச் சொல்லும். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எழுப்பியது யார்? கையில் என்ன வேலை? மத்தியானம் எங்கே சாப்பிட்டாய்? யாருக்காவது உன்னால் ஒரு காரியம் ஆனதா? எந்த நேரத்தில் ஜெபம் செய்தாய், இல்லை செய்யவில்லையா? ராத்திரி சாப்பிடும்போது பக்கத்தில் யார்?

ஐ.டி.ஐ.யில் ஏசி மெக்கானிக் படித்த ஒரு பையன் வந்தான். முதல் பக்கத்தில் “பிரான்ஸ். முடியாவிட்டால் மஸ்கட்” என்று எழுதியிருந்தான். மஸ்கட்டில் மாமா மகன் இருந்தான், விசா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தான். செவ்வாய்க்கிழமையை எழுதச் சொன்னேன். நாலரைக்கு எழுகிறான், கம்பெனி வேனில் போகிறான், மொட்டைமாடியில் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து காயில் கழுவுகிறான், கேஸ் அடைக்கிறான், வேர்வையோடு திரும்பி சோறு வைக்கிறான். கேஸ் லீக்கை சோப்பு நுரை தடவிக் கண்டுபிடிப்பதை மட்டும் அரைப் பக்கம் எழுதியிருந்தான், அவ்வளவு ஆசை அந்த வேலையில். கடைசிக் கேள்விக்கு “ரூம்ல” என்று ஒரே வார்த்தை.

“ரூம்ல சரிப்பா. கூட யாரு?”

“யாரும் இல்ல டீச்சர். எல்லாரும் வேற வேற ஷிஃப்ட்டு.”

இன்னொரு பக்கத்தில் காரைக்காலிலேயே இருப்பதாக ஒரு செவ்வாயை எழுதச் சொன்னேன். சொந்த சர்வீஸ் கடை, ஏப்ரல், மே மாதத்தில் ஓயாமல் போன், ராத்திரி அம்மா கையால் சாப்பாடு. அந்தப் பக்கத்தில் பணத்துக்கு இடமே இல்லை. அப்பா கட்டட வேலைக்காக வாங்கிய கடன், அப்போதுதான் நான்கு வருட நர்சிங்கில் சேர்ந்திருந்த தங்கச்சியின் ஃபீஸ், இரண்டும் எழுதப்படவே இல்லை. ஒரு பக்கத்தில் ஆள் இல்லை, மறு பக்கத்தில் கணக்கு இல்லை. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் போடமாட்டானா என்று இயேசு கேட்கிற இடத்தை, லூக்கா 14-ஐ, அன்று வாசித்தோம். பக்தியுள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பகுதி எப்போதும் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். கணக்குப் போடுவது விசுவாசக் குறைவு என்று எங்கேயோ அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

அடுத்து, ஒரு வாரம் மஸ்கட் போவதாகவே முடிவெடுத்த ஆள்போல நடமாடச் சொன்னேன். மறு வாரம் இங்கேயே இருக்கப்போகிற ஆள்போல. ராத்திரி படுக்குமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எப்போது மனசு லேசாக இருந்தது, எப்போது கனத்தது என்று இரண்டு வரி எழுதவேண்டும். இது இயேசு சபையாரிடமிருந்து வந்த பழக்கம். அவனைப் போன்ற பையன்கள் ஜெபத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதமாட்டார்கள், மனசு கனத்ததைப் பற்றி எழுதுவார்கள். நான் அதையே ஜெபமாக எடுத்துக்கொள்வேன்.

எரேமியா 29:11 பற்றி ஒரு வார்த்தை. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற பழக்கம் சீர்திருத்த சபைகளுடையது. இப்போது கத்தோலிக்க வீடுகளிலும் அந்த அட்டை காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அதிலும் எல்லாருக்கும் பிடித்தது இந்த வசனம், நல்ல எதிர்காலம் தருகிற கடவுளின் திட்டத்தைப் பேசுவதால். என் மாடிக்கு வருகிறவர்கள் அந்த அதிகாரத்தை முதல் வரியிலிருந்து படித்தாகவேண்டும். அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன கடிதம். சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று ஆசைகாட்டுகிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், இருக்கிற இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், பிடித்துக்கொண்டு போன அந்த நகரத்துக்காகவே வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, எழுபது வருடம் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்த எதிர்காலத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். இதைப் படித்ததும் சில பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். வாடட்டும். போகிறவனுக்கும் இருக்கிறவனுக்கும் ஒரே நேரத்தில் பேசுகிற கடிதம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போவேன். பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் அங்கே வந்து இறங்கியபோது வயது 23. உடம்பு எப்போதும் சீக்கு. தமிழ் எழுத்தைச் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். (இஞ்ஞாசியாரும் முப்பது தாண்டியபிறகு பார்சலோனாவில் பொடிப் பையன்களோடு உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தவர். பெரிய குறிக்கோள்காரர்கள் சின்னப் பெஞ்சில் உட்காரக் கூச்சப்படவில்லை.) 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். கொஞ்ச நாளில் டேனிஷ் கோட்டைத் தளபதி அவரைச் சில மாதம் சிறையில் வைத்தார். 1711-இல் மொழிபெயர்ப்பு முடிந்தது. அச்சடிப்பதுதான் பெரும்பாடு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரியவை, காகிதமோ தட்டுப்பாடு. அந்த எழுத்தில் அடித்தால் புத்தகம் முடியாது. அதனால் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1714-இல் நற்செய்திகளும் திருத்தூதர் பணிகளும், அடுத்த வருடம் மீதியும் வெளிவந்தன. பழைய ஏற்பாட்டில் ரூத்து வரை வந்தார். 1719-இல், 36 வயதில் இறந்துபோனார். மீதியை முடித்தவர் அவருக்குப் பின் வந்த மிஷனரி சுல்ட்சே.

ஏசி பையன் அங்கே கேட்டது ஒரே கேள்வி. “எழுத்தச் சின்னதாக்கினாங்க, புத்தகத்தச் சின்னதாக்கல, அதானே டீச்சர்?”

திரும்பி வந்து தன் நோட்டில் எழுதினான். பிரான்ஸை அடித்துவிட்டான். மஸ்கட், மூன்று வருடம். அப்பாவின் கடனும் தங்கச்சி படிப்பும். பிறகு ஊரில் கடை. மூன்று வருடச் சேமிப்பு அவளுடைய நான்கு வருடத்துக்கும் போதும் என்று ஓரத்தில் கூட்டல் கணக்கு. நாளைக்கு இன்ன ஊருக்குப் போவோம், வியாபாரம் செய்வோம், லாபம் பார்ப்போம் என்று பேசுகிறவர்களை யாக்கோபு கண்டிக்கிற நாலாம் அதிகாரத்தை அவனாகவே தேடிப் பிடித்து, பக்கத்தின் தலையில் “ஆண்டவர் சித்தமிருந்தால்” என்று போட்டிருந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வழி கண்டிருந்தான்: மாமா மகனுடைய ஷிஃப்ட்டிலேயே சேர்த்துவிடச் சொல்லி எழுதியிருந்தான். அது அந்தப் பக்கத்திலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

மூன்று வருடம் முடியப்போகிற நேரத்தில் போன் செய்தான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டாராம். “டிக்கெட்டப் போட்டு வந்துடலாம்னு இருக்கு டீச்சர்.” சோர்வான வேளையில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் விதி. “இன்னைக்கு எதையும் முடிவு பண்ணாதப்பா” என்றேன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி போன். இன்னும் இரண்டு வருடம் இருந்தால் சம்பளம் கூட்டித் தருவார்களாம். “இருந்துடலாம்போல இருக்கு.” குரலில் குஷி. “இன்னைக்கும் பண்ணாத” என்றேன். சிரித்தான். ஊரில் விட்டுப்போன நோட்டைத் தேடி, அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறான்.

அவள் நோட்டோடு என்னிடம் வந்தாள். “டீச்சர், கடன் அடஞ்சிடுச்சு. ஆனா வட்டி போனதுல கடைசி வருஷ ஃபீஸு அப்படியே நிக்குது. அண்ணனுக்கு அது சரியாத் தெரியாது. இந்தக் கூட்டலுக்குப் பக்கத்துல அதையும் எழுதி அனுப்பட்டுமா, இல்ல இருக்கிற மாதிரியே அனுப்பட்டுமா?”

எழுதி அனுப்பச் சொன்னேன்.