விருந்தும் அடுக்களையும்

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். இல்லத்துக்குப் புதிதாக வந்தவரைக் குறித்த அச்சொல், காலப்போக்கில் அவருக்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. வந்தவரும் அவர் உண்ணும் உணவும் ஒரு சொல்லுக்குள் அடங்கிய அழகை நாம் மேடைகளில் வியந்து பேசுவதுண்டு. ஆனால் அவ்வுணவைச் சமைத்தவர் அச்சொல்லின் எந்த மூலையில் நிற்கிறார் என்பதை 2018 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வரையில் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

கொழும்பில் வாழும் யாழ்ப்பாணத்தான் ஒருவனின் வீடு ஒருவகை மடம் என்பது நம்மவர் அறிந்ததே. நேர்முகப் பரீட்சைக்கு வருவோர், கடவுச்சீட்டு எடுக்க வருவோர், வைத்தியரைக் காண வருவோர், விமானம் ஏறுவோர், ஏற்றிவிட வருவோர் என யாவருக்கும் அங்கே ஒரு பாயும் ஒரு கோப்பையும் காத்திருக்கும். 1990 இல் நின்றுபோன வடபகுதிப் புகையிரத சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டிய பின்னர் வேறொரு வகை விருந்தினரும் வரத் தொடங்கினர். அவர்களுக்கு அலுவல் எதுவும் இல்லை. நகரைப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். பாடசாலை விடுமுறை தொடங்கிய மறுநாள் அக்காவும் அத்தானும் தம் இரு பிள்ளைகளுடனும் பெரியம்மாவுடனும் கோட்டை நிலையத்தில் வந்திறங்கினர். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது மட்டுமே பெரியம்மா விதித்த நிபந்தனை.

பெரியம்மாவுக்குக் கொழும்பு புதிதன்று. பெரியையா அரச திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த காலத்தில், 1968 முதல் 1983 வரை, வெள்ளவத்தையில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் அவர்கள் குடியிருந்தனர். 1983 யூலைக் கலவரத்தில் அகதி முகாமுக்குச் சென்று, அங்கிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர், முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் இப்போதுதான் திரும்பி வந்திருந்தார். அவர் மனம் நோகக்கூடாதென்று அவர்கள் குடியிருந்த ஒழுங்கைப் பக்கமே போகாதவாறு நான் வழிகளைத் திட்டமிட்டிருந்தேன்.

ஆம், திட்டம்தான். ஒரு கிழமை லீவு எடுத்து, நாள் ஒழுங்கு ஒன்றைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். திங்கள் தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, செவ்வாய் புறக்கோட்டைக் கடைத்தெரு, புதன் விகாரமகாதேவிப் பூங்கா, வியாழன் காலிமுகத்திடல், வெள்ளி தேசிய நூதனசாலை. ஒவ்வொன்றுக்கும் புறப்படும் நேரம், பஸ் இலக்கம், திரும்பும் நேரம் எல்லாம் குறித்திருந்தேன். உணவுக்கும் ஒரு பத்தி இருந்தது. அதில் 'மதியம்: கட்டுச்சாதம், இரவு: வீடு' என்று ஐந்து நாளுக்கும் ஒன்றுபோல எழுதியிருந்தேன்.

அந்த ஒழுங்கு பிசகின்றி நடந்தது. பிசகாமல் நடந்ததற்கு என் திறமையே காரணம் என்று நம்பினேன். அதிகாலை நான்கரைக்கு அடுக்களையில் விளக்கு எரியும். எட்டுப் பேருக்கு இடியப்பம் அவிந்து, சொதி இறங்கி, மதியத்துக்குப் புளிச்சாதம் பொதியாகக் கட்டப்பட்டிருக்கும். நாங்கள் ஒன்பது மணிக்குப் புறப்பட்டுவிடுவோம். மாலையில் களைத்துத் திரும்பும்போது புட்டும் மீன்குழம்பும் மேசையில் இருக்கும். காலையில் கழற்றிப் போட்ட உடுப்புகள் தோய்த்துக் கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். "அத்தனையும் அருமை, மச்சான். கொழும்பை உன்னைப்போல ஒருத்தரும் காட்டேலாது" என்பார் அத்தான். நானும் அடக்கமாகத் தலையாட்டிக்கொள்வேன்.

என் மனைவி பாடசாலை ஆசிரியை. பாடசாலை விடுமுறை அவளுக்கும் விடுமுறைதான் என்ற சிறிய உண்மை என் தாளில் எங்கும் இடம்பெறவில்லை.

வியாழன் மாலை காலிமுகத்திடலில் காற்று பலமாக வீசியது. பிள்ளைகள் பட்டம் விட்டனர். அத்தான் இறால் வடைக்காக வரிசையில் நின்றார். தூரத்தில், பணிகள் முற்றாக நிறைவுறாத தாமரைக் கோபுரம் தெரிந்தது. "மாமா, அதுக்குள்ளை போகேலாதோ?" என்று மருமகள் கேட்டாள். திறந்த பிறகு கூட்டிச் செல்வதாக வாக்களித்தேன். பின்னர், கடலோர நடைபாதையில் நாட்டப்பட்டிருக்கும் பழைய நினைவுக்கல்லின் அருகே எல்லோரையும் நிறுத்தி விளக்கம் கூறத் தொடங்கினேன். ஆள்பதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடக்கி 1859 இல் நிறைவேற்றிய நடைபாதை இது. கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி இதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோரை அவர் இக்கல்லில் கேட்டிருக்கிறார் என்றேன்.

பெரியம்மா கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பொம்பிளையளுக்காக எண்டோ எழுதியிருக்கு?"

"ஓம் பெரியம்மா."

"அப்ப உன்ரை மனிசி எங்கை, தம்பி?"

அவர் குரலில் கடுமை இல்லை. அதனாலேயே மறுமொழி சொல்ல முடியவில்லை. "அவளுக்கு வேலை..." என்று இழுத்தேன். பெரியம்மா கடற்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"பதினைஞ்சு வருசம் நான் இந்தக் கொழும்பிலை இருந்தனான். மாதத்திலை ஒருக்காலெண்டாலும் ஊரிலையிருந்து ஆரும் வருவினம். உங்கடை பெரியையா மிருகக்காட்சிச்சாலை, நூதனசாலை எண்டு கூட்டிக்கொண்டு போவார். நான் சமைச்சு வைப்பன். உன்ரை கொப்பரும் மூண்டு மாதம் எங்களோடை நிண்டுதான் வேலை தேடினவர். நூதனசாலையை நான் இன்னும் பாக்கேல்லை. நாளைக்குப் பாக்கலாம், நாளைக்குப் பாக்கலாம் எண்டு இருந்தன். பிறகு எண்பத்திமூண்டு வந்திட்டுது."

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சுவரில் ஒட்டிய தாளை எடுத்துப் பார்த்தேன். 'இரவு: வீடு.' வீடு சமைக்குமா? வீடு தேங்காய் துருவுமா? அந்த ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு மனிதப் பிறவியை ஒளித்துவைத்துவிட்டு, ஐந்து நாளாக விருந்தோம்பியவன் என்ற பெயரை நான் வாங்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா மனம் நோகுமென்று ஒழுங்கையை மறைத்தேன்; அவரை நோகச்செய்த காட்சியோ என் வீட்டு அடுக்களையிலேயே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது.

மறுநாட் காலை அடுக்களையில் விளக்கு எரிந்தபோது பெரியம்மா முன்னரே அங்கு நின்றார். "பிள்ளை, இண்டைக்கு அடுப்பு மூட்டவேண்டாம். நீயும் வெளிக்கிடு" என்றார். "மாமி, மத்தியானச் சாப்பாடு?" என்று என் மனைவி தயங்கினாள். "கடை இருக்கு. நான் காசு தாறன்" என்று முந்தானை முடிச்சைக் காட்டினார்.

நூதனசாலை 1877 இல் திறக்கப்பட்டது. எட்டுப் பேரும் அதன் வெண்ணிற முகப்பைக் கடந்து உள்ளே சென்றோம். கண்டியரசரின் சிம்மாசனத்தின் முன்னே பிள்ளைகள் நின்றுவிட்டனர். என் மனைவியைக் காணாது தேடிச் சென்றேன். அவள் காலி மும்மொழிக் கல்வெட்டின் முன்னே நின்றாள். 1409 ஆம் ஆண்டுக்குரியது அது. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடையது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில், மூன்று சமயத்தார்க்கும் பொதுவாக, கடல் கடந்து வந்தோர் அளித்த காணிக்கைகளைக் கூறுவது; தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. 1911 இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது மதகு ஒன்றின் மூடுகல்லாகக் கவிழ்ந்து கிடந்ததாம்.

"பதினொரு வருசமா இந்தக் கல்லைப் பற்றி வகுப்பிலை படிப்பிக்கிறன். இண்டைக்குத்தான் காணுறன்" என்றாள், கல்லிலிருந்து கண்ணெடுக்காமலே.

அவள் வரலாறு கற்பிப்பவள். எங்கள் வீட்டிலிருந்து நூதனசாலைக்கு முச்சக்கரவண்டியில் அரைமணி நேரங்கூட ஆகாது. அக்கல்லுக்கும் அவளுக்கும் இடையே பதினொரு ஆண்டுகளாக நின்றது தூரமன்று. நானும் என் விருந்தினருமே. அவள் அந்தத் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிக்க முயன்றாள். மூட்டு நோவைப் பொருட்படுத்தாது பெரியம்மாவும் அருகில் நின்று, "இது 'ந' தானே பிள்ளை?" என்று விரல் நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். என் தாளின்படி அவ்விடத்துக்கு ஒதுக்கிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

இரவு வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றில் தோசை உண்டோம். வீடு திரும்பும் வழியில் பெரியம்மா தாமாகவே தமது பழைய ஒழுங்கையைக் காட்டச் சொன்னார். அவ்வீடு இருந்த இடத்தில் தொடர்மாடி ஒன்று நின்றது. "அடுப்படி இந்தப் பக்கமாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் தான் இழந்தவற்றுள் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் சேர்த்துச் சொல்கிறாள். விருந்தோம்பலை அவள் தன் உரிமையாகவே கருதினாள். எதிர்கொள்வது உரிமை, எதிர்கொண்டவரோடு கூடியிருப்பதும் அவ்வுரிமையின் பாகமே. கூடியிருத்தலை நாம் எடுத்துக்கொண்டு, அடுப்பை மட்டும் அவர்களிடம் விட்டுவிட்டால், எஞ்சுவது வெறும் ஊழியம். வள்ளுவரும் வாழ்க்கைத் துணைநலத்தைக் கூறிய பின்னரே விருந்தோம்பலுக்கு வருகிறார். அதிகார வைப்பைப் பரீட்சைக்காக மனனம் செய்த எனக்கு, அதன் பொருளைக் கற்பிக்க ஒரு கிழவியின் கேள்வி வேண்டியிருந்தது.

தாமரைக் கோபுரம் 2022 செப்ரெம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மருமகள் வாக்குறுதியை நினைவூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். இம்முறை நாள் ஒழுங்கை எழுதியவள் என் மனைவி. அவளே மருமகளைக் கூட்டிச் சென்றாள். நான் வீட்டில் நின்று சொதி வைத்தேன், பால் திரைந்துபோயிற்று. இரவு பெரியம்மா தொலைபேசியில் அழைத்தார். கோபுரத்தின் உயரத்தைப் பற்றியோ, மேலிருந்து கண்ட காட்சியைப் பற்றியோ அவர் ஒன்றும் விசாரிக்கவில்லை.

"இண்டைக்கு ஆர் சமைச்சது, தம்பி?" என்றுதான் கேட்டார்.