கிணற்றடிக் கற்றாழை

தாய் மறைந்தபின் ஊர்வீட்டுக் கிணற்றடியிலிருந்து அவர் எடுத்துவந்தது சோற்றுக்கற்றாழையின் ஒரு மடல் மட்டுமே. செடியைப் பறிக்க மனம் வரவில்லை. தில்லி விடுதியறையில் அதை மணலில் ஊன்றி நாள்தோறும் நீர் வார்த்தார். மூன்றாம் வாரம் அடி அழுகி நாறியது. தாவரவியல் ஆய்வாளருக்கு இது தெரியாதா என்ன! மடலில் சோறு உண்டு, நீர் உண்டு. புதுத் தளிர் ஈனும் ஆக்குத்திசு இல்லை. கற்றாழை பெருகுவது அடித்தண்டில் கிளைக்கும் பக்கக்கன்றுகளால். ராஜஸ்தானத்து வயல்களில் நடுவதும் அவற்றைத்தான். துக்கத்தில் பாடநூல் நினைவுக்கு வரவில்லை.

கோடையில் ஊர் சென்றபோது வீடு கைமாறியிருந்தது. கிணற்றடி முழுதும் சிமெண்டுத் தளம்.

ஆனால், தாய் எப்போதோ பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த கன்று அங்கே புதராகியிருந்தது. விதையில் முளைத்ததன்று, எனவே மரபணுவில் அதுவும் அந்தக் கிணற்றடிச் செடியேதான். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார் அவ்வீட்டு அம்மாள். நான்கைந்து மடல் விட்ட இரண்டை மட்டும் வேரோடு பிரித்தெடுத்தார். ரயில் பயணத்திலேயே வெட்டுவாய் காய்ந்துவிட்டது. மணல் கலந்த மண்ணில் நட்டு, இம்முறை ஒரு வாரம் நீர் ஊற்றவில்லை. இரண்டாவது தொட்டி இப்போது எதிர் அறையில் இருக்கிறது.