உடைஞ்ச மொழி

எம்.ஏ. தமிழ் படித்த காலம். வகுப்பில் பேசும்போது ஒருநாள் 'எங்க வூட்ல' என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். 'சேரிக் கொச்சை' என்றார். அடுத்த வாரம் மொழியியல் பாடம். 'பிரெஞ்சைப் பேசத் தெரியாத அடிமைகள் அதை உடைத்துப் பேசியது கிரியோல்' என்றார் அதே ஆள். அந்த 'உடைத்து' எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. நூலகத்தில் தேடிப் படித்தேன்.

மொரிஷியஸ் கிரியோலில் வீட்டுக்கு 'லாகாஸ்' என்று பெயர். பிரெஞ்சில் 'காஸ்' குடிசை. 'லா' அதன் முன்னால் வரும் சுட்டு. கிரியோலில் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. குறிப்பிட்ட வீட்டைச் சொல்ல வேண்டுமா? பின்னால் ஒரு 'லா' போட்டு 'லாகாஸ் லா' என்கிறார்கள். 'மோ தி மான்ஸே' என்றால் சாப்பிட்டேன். 'மோ பே மான்ஸே', சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். 'மோ பு மான்ஸே', சாப்பிடுவேன். வினை மாறுவதில்லை, முன்னால் நிற்கும் தி, பே, பு காலத்தைச் சுமக்கின்றன. இதில் எங்கே உடைசல்? இது இலக்கணம்.

ஏன் இப்படி ஆச்சு? குடிகளே இல்லாத அந்தத் தீவில் 1721இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, இந்தியா என்று பல திசையிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். சில பத்தாண்டுகளில் அடிமைகள் எஜமானர்களைவிடப் பல மடங்கு ஆனார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. எஜமான் மொழியை யாரும் சொல்லித் தரவில்லை. ஏவலாகவும் வசவாகவும் காதில் விழுந்ததுதான். விழுந்ததை வைத்துப் புதுசாகக் கட்டினார்கள்.

1834 முதல் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அதில் தமிழர்களும் உண்டு, நம்ம சனங்களும் உண்டு. 1861க்குள் இந்தியர்களே பெரும்பான்மை. ஆனாலும் கிரியோலின் எலும்பு மாறவில்லை. அதற்குள் அது தீவில் பிறந்த பிள்ளைகளின் தாய்மொழி ஆகியிருந்தது. வந்தவர்கள் அதைக் கற்றுக்கொண்டு தங்கள் சொற்களைச் சேர்த்தார்கள். முருங்கைக்கீரை அங்கே 'ப்ரெட் முரும்'. எத்தனை பேர் என்பது மட்டும் கணக்கில்லை; யார் எப்போது, எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதும் இலக்கணத்தில் பதிந்திருக்கிறது. 2012இல் அந்த மொழி தொடக்கப்பள்ளிகளில் விருப்பப் பாடமாக நுழைந்தது.

எங்க பேச்சு கிரியோல் இல்லை, தமிழ்தான். ஆனால் ஏளனம் ஒன்றுதான். பெண் 'பொண்ணு' ஆகிறது, பிள்ளை 'புள்ள' ஆகிறது. ப, வ போன்ற இதழொலிக்கும் ட, ண, ள போன்ற நாமடி ஒலிக்கும் நடுவில் உயிர் குவிகிறது. வீடு 'வூடு' ஆவதும் அதே விதியில்தான். பேராசிரியரும் வீட்டில் 'பொண்ணு', 'புள்ள' என்றுதான் சொல்லியிருப்பார். அவர் வாயில் வந்தால் பேச்சுவழக்கு. எங்க வாயில் வந்தால் கொச்சை.