மிதிவண்டியும் நெடுஞ்சாலையும்

தீனி கேளாமலும், எண்ணெய்ச் செலவு மிகுதியாக வையாமலும், ஏறியவனுடைய காலின் வலிமையையே தன் வலிமையாகக் கொண்டு ஓடும் ஊர்தி மிதிவண்டி. சைக்கிள் என்று ஊரார் வழங்கும் இதனைப்போல எளியவர்க்குத் துணைநின்ற பொறி வேறொன்று இல்லை. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டில் ஸ்டார்லி என்பவர், ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் அமைந்த வண்டியை வெளியிட்டார். 1888-இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். அன்று தொட்டுச் சக்கரம் குலுங்காமல் ஓடத் தொடங்கியது. முள் குத்தினால் நின்றுபோகவும் தொடங்கியது. தமிழ்நாட்டில், 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தொழிற்சாலை அமைத்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. முதலிய வண்டிகளைச் செய்து தந்தது. ஆசிரியரும் அஞ்சற்காரரும் பால்காரரும் உழவரும் அவற்றில் ஏறி ஊர்தோறும் சென்றனர்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கபெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலைக்கு அருகே வல்லக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. அருணகிரிநாதர் கோடைநகர் எனத் திருப்புகழில் பாடிய தலம் இதுவே என்பர். ஏறத்தாழ ஏழடி உயரத்தில் நிற்கும் முருகப்பெருமானை வழிபடக் கிருத்திகை நாள்களில் மக்கள் திரளாக வருவர். ஏரிகள் மிகுந்த அப்பகுதியில், தொழிற்சாலைகள் தோன்றுமுன், ஊர்விட்டு ஊர் போகும் வழிகள் பெரும்பாலும் ஏரிக்கரையும் வண்டித்தடமுமாகவே இருந்தன.

அவ்வழிகளில் மிதிவண்டி ஓட்டியவனுக்கு இன்னல் இல்லாமல் இல்லை. சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் எங்கும் கிடக்கும். மாட்டு வண்டி அறுத்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டால், அப்பள்ளம் போகும் திசையிலேயே மிதிவண்டியும் போகும். அறுவடை நாள்களில், வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று நெற்கதிரைச் சாலையிற் பரப்பி வைப்பர். அதன்மேல் ஓட்டினால் வைக்கோல் சங்கிலியிற் சுற்றிக்கொள்ளும். ஆட்டுமந்தை குறுக்கிடும், நாய் துரத்தும். துரத்தும் நாய்க்கு அஞ்சிக் கால்களைத் தூக்கிக்கொள்பவன், மிதிப்பதை விட்டமையால் விசை குறைந்து, அந்த நாயினிடமே போய்ச் சேர்வான். ஆயினும் இவற்றால் நேர்ந்த காயம் சிறிது, நாணமே பெரிது. முழங்காற் சிராய்ப்போடு வீடு திரும்பியவரே பலர்.

ஊர்முனையில் ஒரு சைக்கிள் கடை இருக்கும். கடை என்பது நான்கு கம்பும் ஒரு கீற்றுப் பந்தலுமே. பந்தலிலிருந்து பழைய டயர்கள் தொங்கும், தரையில் நீர்த்தொட்டி, மரப்பெட்டியில் ஸ்பானர், திருப்புளி, அரம், உப்புத்தாள், ஒட்டுப்பசை. மணிக்கணக்கில் வாடகை வண்டியும் அங்கே கிடைத்து வந்தது. இருக்கையில் அமர்ந்தால் கால் எட்டாத சிறுவர், குறுக்குக் குழாயின் கீழே ஒரு காலை நுழைத்துக் ‘குரங்குப் பெடல்’ மிதித்துப் பழகியது அவ்வாடகை வண்டியில்தான்.

கடைக்காரர் வழங்கும் சொற்களிற் பல ஆங்கிலத்திலிருந்து வந்து உருமாறியவை. பெடல், செயின், பால்ரஸ் என்பன அத்தகையன. அவற்றினிடையே பழந்தமிழ்ச் சொல் ஒன்றும் நிலைத்திருக்கிறது. வளைந்த சக்கரத்தை நேராக்குவதைக் ‘கோட்டம் எடுத்தல்’ என்பர். கோட்டம் என்றால் வளைவு. நடுவுநிலைமையைப் பற்றிக் கூறுமிடத்தில் வள்ளுவர் ஆண்ட சொல் அது. புலவர்கள் உரை எழுதிக் காத்த அச்சொல்லை, மசகு படிந்த கையோடு ஒருவர் நாள்தோறும் எடுத்தாளுவது மகிழத்தக்கதே. அவர் செய்யும் வேலையும் சொல்லுக்கு ஏற்ற நுட்பம் உடையது. பழைய முறை வண்டியின் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் உண்டு. ஒரு பக்கத்துக் கம்பி தளர்ந்தால் சக்கரம் மறுபக்கம் கோடும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றி, வளையத்தின் அருகே ஒரு சுண்ணக்கட்டியை அசையாமற் பிடித்தால், கோடிய இடத்தில் மட்டும் வெண்கறை படும். அங்கே ஒரு கம்பியைச் சற்றே தளர்த்தி, எதிர்க்கம்பியைச் சற்றே இறுக்குவார். மிகுத்து இறுக்கினால் வேறோரிடத்தில் புதிய கோட்டம் விழும். அவசரக்காரனுக்கு இவ்வேலை வராது.

காற்று இறங்குவதே மிதிவண்டிக்கு அடிக்கடி நேரும் குறை. இறங்கிய உடனே ‘பஞ்சர்’ என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. காற்று புகும் பித்தளைத் தண்டின்மேல் ‘வால்டியூப்’ எனப்படும் மெல்லிய ரப்பர்க் குழல் போர்த்தியிருக்கும். பம்பினால் அடிக்கும் காற்று அக்குழலை நெகிழ்த்திக்கொண்டு உள்ளே செல்லும். சென்றபின் அக்குழலையே அழுத்தித் தான் வந்த வழியை அடைத்துக்கொள்ளும். புகுந்தவனே கதவைச் சாத்திக்கொள்வது போன்ற அமைப்பு இது. கோடை வெயிலில் அக்குழல் காய்ந்து வெடித்தால் காற்று மெல்லக் கசியும். தண்டின் வாயில் ஒரு துளி நீர் வைத்துப் பார்த்தால் குமிழி எழும். மிகச் சிறு செலவில் குறை தீர்ந்துவிடும். குமிழி எழாவிட்டால்தான் டயரைக் கழற்றி, டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்தித் துளையைத் தேட வேண்டும். ஒட்டுப் போட்டதோடு வேலை முடிந்ததென்று எண்ணலாகாது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, குத்திய முள் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாராதவன் மறுநாளும் அதே கடைக்கு வருவான். அருகருகே இரண்டு துளைகள் இருந்தால் அது முள்ளின் வேலையன்று. காற்றுக் குறைந்த சக்கரம் கல்லிலோ பள்ளத்தின் விளிம்பிலோ மோதியபோது, டியூப் இரும்பு வளையத்தில் நசுங்கியதால் வந்தது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு செல்லும் வண்டியில் இது மிகுதி.

வீட்டிலேயே வண்டியைப் பிரித்துப் பார்க்கத் துணியும் மாணவர், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையிற் சுற்றுவது என்பதை அறிந்திருத்தல் நன்று. அறியாமல், கழற்றுவதாக எண்ணி மேன்மேலும் இறுக்கி மரையைக் கெடுத்தவர் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த பெருமழையைப் போன்ற வெள்ளத்தில் அகப்பட்ட வண்டியை வெளியே துடைத்து வெயிலில் நிறுத்தினால் மட்டும் போதாது. அச்சினுள் உருளும் பால்ரஸ் குண்டுகளைக் கழுவிப் புதிய மசகு இட வேண்டும்.

இக்குறைகள் எல்லாம் வண்டியை ஓடவிடாமற் செய்பவை. பிரேக்கின் குறையோ வண்டியை நிற்கவிடாதது. பிடியை அழுத்தினால் ரப்பர்க் கட்டைகள் சக்கர வளையத்தைப் பற்றுகின்றன. கட்டை தேயத் தேயப் பிடியை மேலும் நெருக்க நேரும். தேய்மானம் நாளொன்றுக்கு மயிரிழை அளவே ஆதலால் ஓட்டுபவன் அதனை உணர்வதில்லை. அவன் கை அதற்குப் பழகிவிடுகிறது. மழையில் இரும்பு வளையம் நனைந்துவிட்டால் கட்டையின் பிடிப்பு மிகவும் குறையும். வழக்கமாக நிற்கும் இடத்தைக் கடந்து நெடுந்தூரம் ஓடிய பிறகே வண்டி நிற்கும். விரைவில் நிறுத்தும்போது உடலின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால் முன்பிரேக்கே வலிமை மிக்கது. தலைகுப்புற விழுவோம் என்று அஞ்சி அதனைக் கழற்றியே வைத்துவிடுவோர் பலர். அச்சத்திற்கு அது மருந்தாகாது. இரண்டையும் ஒருசேர, மெல்லத் தொடங்கி அழுத்திப் பிடிப்பதே முறை.

பழைய வழிகளில் இக்குறையும் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பிரேக் இல்லாதவன் காலைத் தரையில் தேய்த்து நின்றான். அல்லது வைக்கோற் போரில் மோதி நின்றான். அந்தச் சாலை இப்போது இல்லை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. மேலும் பல ஆலைகள் வந்தன. வேலை பெருகிற்று, சாலை அகன்றது. ஊர்களுக்கு வந்த நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. ஆனால் கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட லாரிகளும், கண்டெய்னர் லாரிகளும், தொழிலாளரை ஏற்றிய பேருந்துகளும் ஓயாது ஓடும் அச்சாலையில் மிதிவண்டிக்கு உரிய இடம் எதுவென்று தெரியவில்லை. முள்ளுக்குப் பதிலாக ஆணியும் போல்ட்டும் இரும்புச் சுருளும் கிடக்கின்றன. நடுவே தடுப்பு இருத்தலால், எதிரே தெரியும் தெருவை அடைய நெடுந்தொலைவு சென்று திரும்ப வேண்டும். அதற்குச் சோம்பி எதிர்த்திசையில் ஓட்டி வருவோர் பலர். கனத்த லாரி விரைந்து கடக்கும்போது அதன் காற்று மிதிவண்டியை முதலில் வெளியே தள்ளி, உடனே உள்ளே இழுக்கும். லாரியின் இடப்பக்கத்தை ஒட்டி வருபவன், உயரத்தில் அமர்ந்த ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. லாரி இடப்புறம் திரும்புகையில் அதன் பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்திற் போகாமல் உள்நோக்கி நெருங்கி வரும். இரவிலோ, பின்புறத்துச் சிவப்பு ஒளிவில்லை ஒன்றே மிதிவண்டி இருப்பதைப் பிறர்க்கு அறிவிக்கும்.

2005–2006 கல்வியாண்டு முதல், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பிற் பயிலும் மாணவ மாணவியர் அனைவர்க்கும் மிதிவண்டி வழங்கும் திட்டம் வந்தது. வீட்டை விட்டுத் தொலைவில் உள்ள மேனிலைப் பள்ளிக்குப் பெண்மக்கள் தாமே சென்று மீள அது வழிசெய்தது. அதே காலத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிச் சைக்கிள் கடைகள் அருகின. எஞ்சிய கடைகளுள் ஒன்றில், ஓர் ஐப்பசி மாலையில், மாணவி ஒருத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

“தாத்தா, பின்சக்கரத்திற்குக் காற்று மட்டும் அடித்துக் கொடுங்கள். மழை வருகிறது, போக வேண்டும்” என்றாள்.

முதியவர் காற்றடித்தார். அடித்தபின் வண்டியைக் கொடாமல் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பிடி முழுதும் ஒடுங்கிக் கைப்பிடியைத் தொட்டது.

“இந்தக் கட்டையோடா நெடுஞ்சாலையைக் கடக்கிறாய், அம்மா?”

“நன்றாகத்தான் பிடிக்கிறது, தாத்தா. நாள்தோறும் இதிலேதானே போகிறேன்.”

“நேற்று வரையில் சாலை காய்ந்திருந்தது” என்றார் அவர்.

அவளிடம் பணம் இல்லை. “நாளைக்குக் கொடு” என்று சொல்லிவிட்டு, நான்கு கட்டைகளையும் மாற்றத் தொடங்கினார். அரை நாழிகை சென்றது. அவள் வானத்தையும் சாலையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் அவர் தொட்டியிலிருந்து நீரை அள்ளிச் சக்கர வளையத்தின்மேல் ஊற்றி, கடை வாயிலிலேயே இருமுறை ஓட்டி நிறுத்திக் காட்டச் சொன்னார். சிறிது சினத்தோடுதான் அவள் அதைச் செய்தாள்.

சந்திப்பை அவள் அடைந்தபோது மழை வலுத்திருந்தது. முன்னே சென்ற நீண்ட லாரி ஒன்று விளக்குக் காட்டாமல் இடப்புறம் திரும்பிற்று. அவள் இரு பிரேக்குகளையும் பிடித்தாள், வண்டி நின்றது. லாரியின் பின்சக்கரம் அவளுக்கு ஒரு முழத்திற்கு முன்னால் உருண்டு சென்றது. இவ்வாறு நேராமற்போனவற்றைச் செய்தித்தாள்கள் எழுதுவதில்லை. கடைக்காரரும் அறியார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் வழியில் அவள் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு வண்டியைத் திருப்பி, பின்புறத்தில் உடைந்திருந்த சிவப்பு ஒளிவில்லையைக் காட்டி, “இது என்ன விலை, தாத்தா?” என்று கேட்டாள்.