பினாங்கில் ஒன்பது நாட்கள்

நாகப்பட்டினம் வட்டாரத்தாருக்குப் பினாங்கு என்பது புதிய பெயரன்று. ரஜூலா என்ற கப்பலும், அதற்குப் பின் எம்.வி. சிதம்பரமும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்று, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அங்கே இறக்கியிருக்கின்றன. 1985-இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணங்களும் முடிந்தன. இன்றோ திருச்சியில் விமானம் ஏறினால் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர்! அப்படியிருந்தும் என் பெற்றோர் என்னைப் பார்க்க வருவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. காரணம் தூரமன்று, கடல்.

நம் கல்லூரியில் முதுகலை முடித்த நான், பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். என் தங்கை நம் கல்லூரியிலேயே மூன்றாம் ஆண்டு வேதியியல் படிக்கிறாள். மேற்படிப்புக்குத் தானும் இங்கே வரவேண்டும் என்பது அவள் ஆசை. "இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார் அப்பா. அம்மா சொன்னது ஒரே சொல்: "வேண்டாம்." 2004 டிசம்பர் 26 அன்று அக்கரைப்பேட்டையில் என் சித்தியைக் கடல் கொண்டுபோயிற்று. அதன் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனால்கூடக் கோவிலோடு திரும்பிவிடுவார். பினாங்கோ ஒரு தீவு! ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்குத் தேர்வு எழுதுவதுபோல் ஆகிவிட்டதை நண்பர்கள் உணர்வார்கள்.

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் பட்டர்வொர்த் வந்தோம். அங்கிருந்து தீவுக்குப் படகிலும் போகலாம், பாலத்தின் வழியாகவும் போகலாம். 1985-இல் திறந்த முதற்பாலம் பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளம். 2014-இல் இன்னொன்றும் வந்துவிட்டது. "பாலம்தான் நல்லது" என்றார் அம்மா. பாலமும் கடல்மேல்தான் போகிறது என்பதை நானும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. வாடகைக் கார் கரையேறும்வரை அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள் நுழைந்ததும் நிலைமை மாறிற்று. மலாய் மொழிப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்த அப்பா, "கெடை, கெடை என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறதே, என்னப்பா அது?" என்று கேட்டார். நம் 'கடை'தான் மலாயில் 'கெடை' ஆயிற்று, 'கப்பல்' அங்கே 'காப்பால்' என்றேன். அவருக்கு உண்டான பெருமையைப் பார்க்கவேண்டுமே! அன்று முழுவதும் தென்பட்ட கெடைகளை எண்ணிக்கொண்டே நடந்தார்.

1786-இல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றிய ஊர் இது. அந்தப் பழைய பகுதியை 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரே தெருவில் ஆங்கிலேயரின் தேவாலயம், சீனரின் கருணைத் தேவி கோவில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் மூன்றும் இருக்கின்றன. பக்கத்துத் தெருவில் மகாமாரியம்மன் கோவில் இருக்கிறது. சூலியாத் தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு சிறிய தர்காவைக் கண்டதும் அம்மா அங்கேயே நின்றுவிட்டார். நாகூர்க் கந்தூரிக்குச் சிறுவயதில் தங்கையோடு போன கதையை அந்தத் திண்ணையோரம் நின்று சொன்னார். அம்மா தானாக முன்வந்து சித்தியைப் பற்றிப் பேசியது, எனக்கு நினைவு தெரிந்து, அதுவே முதல் தடவை.

மதியம் 'நாசி கண்டார்' சாப்பிட்டோம். தோளில் காவடி போலக் கட்டி, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம்கள் சுமந்து விற்ற சாப்பாடு அது. பல குழம்புகளை ஒரே தட்டில் கலந்து ஊற்றுவதை அம்மா ஏற்கவில்லை. "இதில் எது என்ன குழம்பு என்று அதைச் செய்தவனுக்காவது தெரியுமா?" என்றார். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை.

பினாங்கு மலைக்கு ஓடும் கம்பிவட ரயிலையும், கெக் லோக் சி புத்தர் கோவிலின் ஏழடுக்குக் கோபுரத்தையும் பற்றி எழுதுவதென்றால் தனிக் கட்டுரையே வேண்டும். அப்பா மலையில் குளிருகிறது என்றார், கோவிலில் படி அதிகம் என்றார். அவ்வளவுதான்.

சீனர்கள் கடலுக்குள் மரக்கால்கள் ஊன்றி வீடு கட்டி வாழும் துறைகள் கரையோரமாக இருக்கின்றன. ஒரு குலப்பெயர் கொண்டவர்கள் சேர்ந்து வாழும் துறைக்கு அந்தக் குலப்பெயரே பெயர். அம்மாவை அங்கே அழைத்துப் போகலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பலகைப் பாதையின் தொடக்கத்திலேயே அம்மா நின்றார். பலகை இடுக்குகளின் வழியே கீழே தண்ணீர் அசைவது தெரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டியொருவர் என்ன நினைத்தாரோ, ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். அம்மா மெதுவாக நடந்துபோய் அதில் உட்கார்ந்தார். "ராத்திரியும் இங்கேதான் தூங்குகிறாரா என்று கேள்." என் அரைகுறை மலாயில் கேட்டேன். தான் பிறந்ததே இந்த வீட்டில்தான் என்றார் பாட்டி.

மறுநாள், "கடலைப் பார்க்க வேண்டும்" என்று அம்மாவே சொன்னார். பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனோம். மணலில் ஈரம் தொடங்குமிடத்துக்கு நாலடி முன்பே நின்றுகொண்டு, "அன்றைக்கு இங்கேயும் வந்ததா?" என்று கேட்டார். வந்தது. இந்த மாநிலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. குச்சியால் மணலில் சுமத்திராவை வரைந்து காட்டினேன். நில நடுக்கம் ஏற்பட்ட இடத்துக்கு நம் நாகையைவிடப் பினாங்குதான் பக்கம். ஆயினும் அலை சுமத்திராவின் முனையைச் சுற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் நுழையவேண்டியிருந்தது. ஆழம் குறைந்தால் ஆழிப்பேரலையின் வேகமும் குறையும். அதனால் இங்கே வந்துசேர நான்கு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

"நமக்கு?"

"ரெண்டரை மணி நேரம் இருக்கும்மா."

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ரெண்டரை மணி நேரம் இருந்திருக்கிறது. ஒருத்தருக்குமா சொல்லத் தோன்றவில்லை?"

இந்துமாக்கடலுக்கென்று அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது, 2007-இல்தான் ஹைதராபாத்தில் நம் நாட்டு மையம் வந்தது, மலேசியாவும் தனக்கென ஒன்று வைத்திருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். ஆய்வு மாணவன் அல்லவா, விளக்கத்துக்கா பஞ்சம்! அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு நாலடி நடந்து, குனிந்து, வந்த அலையைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினார். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

புறப்படுவதற்கு முதல்நாள் பல்கலைக்கழகத்தைக் காட்டினேன். ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் படைமுகாமாக இருந்த இடம், மேடும் சரிவுமாக இருக்கும். உயரமான ஓரிடத்தில் நின்றால் கடலும் பாலமும் தெரியும். அப்பா பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, கல்விக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு, விடுதி வாடகை எல்லாவற்றையும் ரிங்கிட்டில் கேட்டு ரூபாயில் எழுதிக்கொண்டார். கூட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அம்மாவின் கவனம் அதில் இல்லை.

"பெண்பிள்ளைகள் விடுதி மேட்டிலா, பள்ளத்திலா?"

"மேட்டிலும் இருக்கிறதும்மா."

"எத்தனையாவது மாடி கிடைக்கும் என்று கேட்டு வை."

அப்பா அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். தங்கையின் விண்ணப்பம் சென்ற வாரம் வந்துசேர்ந்தது. மாடி விவரம் இன்னும் அலுவலகத்தில் சொல்லவில்லை. திங்கட்கிழமை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.