சரந்தீபின் மலைப்பாதையில்

திருச்சியில் கல்லூரி விடுதியின் ஒரே அறையில் மூன்றாண்டுகள் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். நான் காயல்பட்டினத்துக்காரன். நண்பர் இலங்கையில், கண்டிக்கு அருகிலுள்ள அக்குறணையைச் சேர்ந்தவர். 1979-ல் பிரியும் வேளையில், "ஒருநாள் இருவரும் சேர்ந்து பாவாத மலை ஏற வேண்டும், மச்சான்" என்றார். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

பிறகு 1983 வந்தது. நெடுங்காலம் கடிதங்களிலேயே நட்பு வளர்ந்தது. 2009-ல் போர் ஓய்ந்தபோது இருவருக்கும் பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முன் நின்றன. 2022-ல் புறப்பட எண்ணினேன். அந்நாட்டில் பெட்ரோலுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்ற ஆண்டு அது. அதே ஆண்டின் இறுதியில் நண்பருக்கு இதயத்தில் அறுவை நடந்தது. இனித் தள்ளிப்போடலாகாது என்று 2024 பிப்ரவரியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினேன். தம் பழைய காருடன் அவரே காத்திருந்தார்.

அவருடைய வீட்டில் முதல் இரவு. நண்பர் இஷாத் தொழப் பள்ளிக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து அவர் துணைவியார் என்னிடம் வந்தார். "நானா, டாக்டர் நடக்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். மூச்சு முட்டினால் உடனே நிற்க வேண்டுமாம். இவர் நிற்க மாட்டார். நான் சொன்னாலும் கேட்க மாட்டார். நீங்கள் நின்றால் நிற்பார்." எங்கள் ஊரில் 'காக்கா' என்பதை அங்கே 'நானா' என்கிறார்கள். சொல் வேறானாலும் அது சுமத்தும் பொறுப்பு ஒன்றே.

மறுநாள் சிகிரியா. காட்டின் நடுவே சுமார் 200 மீட்டர் உயரத்திற்கு நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பாறை. தந்தை தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் உச்சியில் அரண்மனை கட்டி வாழ்ந்தான். பாறையின் இடைப்பகுதியில் தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்களைக் காணவே உலகம் திரள்கிறது. எனக்கோ, கண்ணாடிச் சுவர் எனப்படும் மெருகேற்றிய மதிலில் நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்கள் கீறிவிட்டுப் போன கவிதைகள்தாம் வியப்பளித்தன. கண்ட இடத்தில் பெயரெழுதும் பழக்கம் நம் காலத்தது மட்டுமன்று போலும்! உச்சிக்குச் செல்லும் படிகள், இரு பெரும் சிங்கப் பாதங்களுக்கிடையே தொடங்குகின்றன. நண்பர் மெல்ல ஏறினார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தபடியே ஏறினேன். உச்சியை அடைந்ததும், "என்ன, என்னையே பார்த்துக்கொண்டு வருகிறாய்? சித்திரம் அங்கே இருந்தது" என்றார்.

மூன்றாம் நாள் நுவரெலியாவை நோக்கி ஏறினோம். மலையெங்கும் தேயிலை. ஒரு வளைவில் காரை நிறுத்தியபோது, கொழுந்துக் கூடையுடன் நின்ற மூதாட்டி ஒருவர் என் பேச்சைக் கேட்டு, "இந்தியாவா? அங்கே மழை உண்டா?" என்று வினவினார். அவருடைய பாட்டனார் திருச்சிப் பக்கமாம். ஊரின் பெயர் தெரியவில்லை. காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து இம்மக்களின் முன்னோர் அழைத்து வரப்பட்டனர். காப்பிச் செடியை நோய் அழித்தபின் அவர்கள் கைகளாலேயே தேயிலை வளர்ந்தது. அவர்கள் வந்த 200-ஆம் ஆண்டை மலையகம் 2023-ல் நினைவுகூர்ந்தது. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? "மழை இந்த ஆண்டு பரவாயில்லை, ஆச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஹோர்ட்டன் சமவெளியின் 'உலக முடிவு' விளிம்பில் மூடுபனியைத் தவிர ஒன்றையும் காணவில்லை. எண்ணூறு மீட்டருக்கும் அதிகமான பள்ளம் காலடியில் இருக்கிறது என்று பலகை கூறிற்று, நம்பினோம். எல்லவில் 1921-ல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தின் மீது ரயில் வரும் வரை காத்திருந்து பார்த்தோம். அங்கிருந்து திரும்பி ஹட்டன் வழியாக நல்லதண்ணியை அடைந்தபோது ஆறாம் நாள் மாலை.

கடல் மட்டத்திலிருந்து 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சியிலுள்ள பாதச்சுவட்டைப் பௌத்தர் புத்தருடையது என்பர். இந்துக்கள் சிவனுடையது என்பர். ஹஸ்ரத் ஆதம் (அலை) அவர்கள் மண்ணுலகில் இறங்கிய இடம் இதுவென்று பண்டை அரபு ஆசிரியர்கள் எழுதினர். திருக்குர்ஆன் எந்த இடத்தையும் பெயர் குறித்துச் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1344-ல் இங்கு வந்த இப்னு பதூதா இம்மலையில் ஏறினார். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் சுமையாட்களையும் தந்தனுப்பினார். மலைக்கு 'பாபா', 'மாமா' என இரு வழிகள் இருந்தனவாம். தந்தை ஆதமுக்கு ஒன்று, அன்னை ஹவ்வாவுக்கு ஒன்று. மாமா வழி எளிது. ஆனால் அதில் ஏறியவரை ஏறியவராகவே கணக்கிட மாட்டார்களாம். இதைச் சொன்னதும் நண்பர், "எனக்கு மாமா வழியே போதும்" என்று சிரித்தார்.

இரவு ஒரு மணிக்குப் புறப்பட்டோம். டிசம்பர் முழுநிலவிலிருந்து மே முழுநிலவு வரை யாத்திரைக் காலம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் நெடுகிலும் விளக்குகள். வானத்திலிருந்து தொங்கவிட்ட மாலை போல அவை மேலே சென்றுகொண்டே இருந்தன. கைக்குழந்தையைச் சுமந்த தாய்மார், எண்பதைக் கடந்த மூதாட்டியர், பள்ளிப் பிள்ளைகள் என்று ஒரு நாடே ஏறிக்கொண்டிருந்தது. யாத்திரிகர்கள் ஊசியில் வெண்ணூல் கோத்து இழுத்துச் செல்லும் இடத்தைக் கடந்து வெகுநேரம் ஏறினோம். படிகள் செங்குத்தாயின. நண்பர் பேசுவதை நிறுத்தினார். விளக்கொளியில் அவர் உதடுகள் வெளுத்திருந்தன. அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை.

உச்சி கண்ணெதிரே தெரிந்தது. மணியோசையும் கேட்டது. நாற்பத்தைந்து ஆண்டுகள்! என் கால்கள் மேலே போகவே துடித்தன என்பதை மறைக்கமாட்டேன். அவரை நில் என்றால், "நீ போய்வா, நான் பின்னால் வருகிறேன்" என்பார், வரவும் செய்வார். அதை நான் அறிவேன். முழங்காலைப் பற்றிக்கொண்டு படியில் அமர்ந்தேன்.

"என்ன?"

"முட்டி பிடித்துக்கொண்டது. இனி ஓரடியும் வைக்க முடியாது."

அவர் என்னையும் உச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னர் ஒன்றும் சொல்லாமல் அருகில் அமர்ந்தார்.

சற்றுக் கீழே இருந்த தேநீர்க் கடைக்கு ஒருவரையொருவர் பிடித்தபடி இறங்கினோம். கடைக்காரர் சிங்களவர். நண்பரின் முகத்தைக் கண்டதுமே பாயைத் தட்டி விரித்துப் படுக்கச் சொன்னார். சீனி நிறையப் போட்ட பிளேன்டீ வந்தது. அரைமணி நேரத்தில் மூச்சு சீராயிற்று, அல்ஹம்துலில்லாஹ். சுபுஹு நேரம் வந்தது. நாங்கள் தொழ வேண்டும் என்று நண்பர் சிங்களத்தில் சொல்ல, அவர் பெஞ்சை ஒதுக்கித் துப்புரவான சாக்கொன்றை விரித்துக் கொடுத்தார். தேநீருக்குக் காசு வாங்கினார். பாய்க்கு வாங்க மறுத்துவிட்டார்.

கதிரவன் எழும் வேளையில் மலையின் முக்கோண நிழல் மேற்குப் பள்ளத்தில் விழும் காட்சி உச்சியிலிருந்து காண்பவர்க்கே உரியது. எங்களுக்கு வாய்த்தது கிழக்கு மட்டும். மவுசாகலை நீர்த்தேக்கம் முதலில் ஈயம் போலவும், பிறகு செம்பு போலவும், பிறகு கண்கூசும் வெள்ளியாகவும் மாறிற்று. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இறங்கும்போது நண்பர் என் நடையைக் கவனித்தபடியே வந்தார். அடிவாரம் நெருங்கியதும், "எந்த முட்டி பிடித்துக்கொண்டது என்றாய்?" என்று கேட்டார்.

"வலது."

"மேலே இடதையல்லவா பிடித்துக்கொண்டிருந்தாய், மச்சான்!" என்றார்.